ஆனி மாதத்து மண்டூர்த் திருவிழா

கேள்வி

வணக்கம் மிஸ். எனக்கு 41 வயது. ஊர் மட்டக்களப்பு வாவியின் கிழக்குப் பக்கம், எழுவான்கரையில், குருமண்வெளித் துறைக்குக் கிட்ட. இப்போது கொழும்பில் வேலை. மகளுக்கு 11 வயது, மகனுக்கு 6. சின்ன வயதில் நான் முழுநாளும் அம்மம்மாவின் முந்தானைக்குள்தான். அவர் போன தை மாதம் 85 வயதில் இறந்துபோனார்.

31ஆம் நாள் சாப்பாடு முடிந்து விறாந்தையில் இருந்தபோது பிள்ளைகள் அம்மம்மாவைப் பற்றிக் கதை சொல்லச் சொன்னார்கள். எனக்கு மிகவும் பிடித்த ஒன்றைச் சொன்னேன். எனக்கு 6 வயதாக இருக்கையில் ஒரு ராத்திரி அம்மம்மா என்னை எழுப்பி, "மகள், நாம மண்டூர் முருகன் கோயில் திருவிழாவுக்குப் போறம். அங்க பூசை செய்யிறவரே வாயக் கட்டித்தான் செய்வார். நீயும் வாயக் கட்டிக்கிட்டு வரணும்" என்றார். தோணியில் ஆற்றைக் கடந்தோம். நடு ஆற்றில் திரும்பிப் பார்த்தேன், கரை நெடுகக் கோயில் விளக்குகள் வரிசையாக எரிந்தன. மண்டூர் இருக்கும் மேற்குப் பக்கம், படுவான்கரையில், ஒரு புளியமரத்தடியில் படுத்தோம். அம்மம்மா பாக்குவெட்டியால் பாக்குச் சீவிக்கொண்டே கதை சொன்னார். நான் "மறுகா? மறுகா?" (பிறகு? பிறகு?) என்று கேட்டுக் கேட்டே தூங்கிப்போனேன்.

கதை முடியவில்லை, அம்மா எழும்பிவிட்டார். "ஆனி மாசத்தில ஏது மண்டூர்த் திருவிழா? அது ஆவணியில. நீ கண்டது விளக்கு இல்ல, நம்மட கரையில வீடு எரிஞ்ச வெளிச்சம். அவ கை நடுங்கினத மறைக்கத்தான் விடிய விடியப் பாக்கு வெட்டினவ. ஒரு வாய் வெத்தில கூடப் போடல்ல" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போனவர் பிறகு வெளியே வரவில்லை. அடுத்த நாள் குசினியில் இதை மட்டும் சொன்னார்: "உனக்குத்தான் கதையெல்லாம் சொன்னா. எனக்கு ஒண்டும் சொல்லல்ல. சூறாவளிக்குப் பிறகு என்னப் பள்ளிக்கூடத்தால நிப்பாட்டி தென்னமட்டை பொறுக்க விட்டவ." அதன்பிறகு அந்தப் பேச்சே இல்லை.

என் ஞாபகம் பொய்யா மிஸ்? சண்டையில் ஊரே ஓடிய 1990இல் நான் சந்தோஷமாக இருந்தேன் என்று சொல்வது அம்மாவுக்குச் செய்யும் துரோகமா? பிள்ளைகளுக்கு எதைச் சொல்வது?

பதில்

அன்புத் தங்கச்சி,

மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். நாலாவது ஒன்றைக் கேட்காமல் விட்டுவிட்டீர்கள்: அம்மா ஏன் எழும்பிப் போனார்? என் பதிலில் பாதி அதற்குத்தான் போகும் போலிருக்கிறது. ஆனாலும் நீங்கள் கேட்ட வரிசையிலேயே வருகிறேன்.

ஞாபகம் பொய்யா என்பதற்கு என் வீட்டுக் கதை ஒன்று. எனக்கு ஊர் அக்கரைப்பற்றுப் பக்கம். பௌர்ணமி இரவில் கல்லடிப் பாலத்துக்குக் கீழே அம்மம்மா என்னைத் தோணியில் ஏற்றி, துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு மறுமுனையை என் காதில் வைத்துப் பாடும் மீனைக் கேட்க வைத்தார் என்று 30 வருடம் எல்லோருக்கும் சொல்லி வந்தேன். துடுப்பின் ஈரம் கன்னத்தில் பட்டது கூட எனக்கு ஞாபகம். ஒரு நாள் சின்னம்மா இதைக் கேட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அவவா? தோணியிலயா? கல்முனைச் சந்தையைத் தாண்டி வடக்கால போகாத மனிசி!" அம்மம்மாவுக்குத் தண்ணீர் என்றால் பயமாம். என்னைக் கூட்டிப்போனது மாமா. எனக்குப் பிடித்த ஒரு இரவையும் எனக்குப் பிடித்த ஒரு ஆளையும் என் மண்டை ஒன்றாகச் சேர்த்துத் தைத்து வைத்திருக்கிறது. தையல் தெரியவே இல்லை.

இது எனக்கு மட்டும் உள்ள கோளாறு என்று நினைக்காதீர்கள். 1986 ஜனவரி 28இல் அமெரிக்காவின் சேலஞ்சர் விண்வெளி ஓடம் வெடித்தது. மறுநாள் காலையிலேயே உல்ரிக் நைசர் என்ற உளவியலாளர் தன் பல்கலைக்கழக மாணவர்களிடம், செய்தியை எங்கே கேட்டீர்கள், யார் சொன்னார்கள் என்று எழுதி வாங்கினார். இரண்டரை வருடம் கழித்து அவர்களில் 44 பேரிடம் அதே கேள்விகளைத் திரும்பக் கேட்டார். கால்வாசிப் பேர் முக்கியமான எல்லாவற்றையும் பிழையாகச் சொன்னார்கள், அதுவும் அடித்துச் சொன்னார்கள். அவர்களுடைய பழைய தாளையே எடுத்துக் காட்டியபோது, கையெழுத்து என்னுடையதுதான், ஆனால் நடந்தது இப்படியில்லை என்றவர்களும் உண்டு. வளர்ந்த பிள்ளைகள், இரண்டரை வருட இடைவெளி, அதற்கே இவ்வளவு. உங்களுக்கு அப்போது 6 வயது, இடையில் 35 வருடம்.

எங்களில் பெரும்பாலானோருக்கு மூன்று, மூன்றரை வயதுக்கு முந்தியது எதுவும் தங்குவதில்லை. அதற்குப் பிறகு தங்குவதிலும் தேதி, மாதம், எது முதலில் எது பிறகு, ஏன் நடந்தது என்பதெல்லாம் வலுவில்லாமல்தான் இருக்கும். அவற்றைப் பெரியவர்கள் சொல்லித்தான் பிள்ளை நிரப்பிக்கொள்ளும். சத்தம், மணம், மடிச்சூடு, யார் பக்கத்தில் இருந்தது என்பவை நன்றாகப் பதியும். இப்போது உங்கள் கதையைப் பிரித்துப் பாருங்கள். திருவிழா, மாதம், விளக்கு: இவை பிழை. அவை உங்களுக்குத் தரப்பட்ட விளக்கத்திலிருந்து வந்தவை. தோணி, வாய் கட்டியது, புளியமரம், பாக்குவெட்டியின் சத்தம்: இதில் ஒன்றைக்கூட அம்மா மறுக்கவில்லை. பாக்குவெட்டியை அவரே உறுதிப்படுத்துகிறார். அதுவும் உங்களுக்குத் தெரியாத விவரத்தோடு.

ஆகவே உங்கள் ஞாபகம் பொய் இல்லை. ஒரு 6 வயதுப் பிள்ளைக்கு என்ன கிடைத்ததோ அதை அப்படியே வைத்திருக்கிறது. அந்த இரவில் ஊருக்கு என்ன நடந்தது என்பதற்கு அது சாட்சியாகாது. உங்களுக்கு என்ன நடந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை.

அம்மம்மா சொன்ன பொய்யைப் பற்றியும் பேசவேண்டும். என்னிடம் வரும் பெற்றோருக்கு நான் வழக்கமாகச் சொல்வது, பிள்ளைகளிடம் பொய் சொல்லாதீர்கள் என்பதுதான். ஊசி போட்டால் நோகாது என்று சொல்லிக் கூட்டிப்போய், நொந்த பிறகு அந்தப் பிள்ளை வைத்தியசாலை வாசலையே மிதிக்க மறுக்கும். ஆனால் உங்கள் அம்மம்மா சொன்னதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்தேன். சத்தம் போட்டால் ஆபத்து என்று 6 வயதுப் பிள்ளையிடம் சொன்னால் என்ன நடக்கும்? பயத்தில் அழும். அழாதே என்றால் இன்னும் அழும். அந்த மனிசி பயத்தைச் சொல்லாமல் வேலையைச் சொன்னார். மண்டூரில் வாய் கட்டிப் பூசை செய்வது இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்தது, பார்த்து வியந்தது. நீயும் அப்படி வா என்றதும் மௌனம் உங்களுக்குப் பெருமையாகிவிட்டது. என்னைப் போன்றவர்கள் பயிற்சிப் பட்டறை வைத்துப் படித்ததை அவர் படலையைத் தாண்டுவதற்குள் யோசித்திருக்கிறார்.

இரண்டாம் உலகப்போரில் லண்டன் மேல் குண்டு விழுந்துகொண்டிருந்த காலத்தில், அன்னா பிராய்டும் டோரதி பேர்லிங்ஹாமும் அங்கே சிறு பிள்ளைகளுக்கான காப்பகங்களை நடத்தினார்கள். அவர்கள் கண்டது எங்களுக்குப் புதிதில்லை, ஆனாலும் அவர்கள் எழுதி வைத்தார்கள். வளர்ப்பவர் பதறாமல் பக்கத்தில் இருந்தால், குண்டுச் சத்தம் பிள்ளையை நாங்கள் நினைக்கும் அளவுக்கு உலுக்குவதில்லை. பிரித்துத் தூரத்துக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகள்தான் கூடுதலாக வாடினார்கள். உங்களை அந்த இரவில் யாரும் பிரிக்கவில்லை. பதறாத ஒருவர் பக்கத்தில் இருந்தார். அல்லது பதற்றத்தைப் பாக்கில் சீவித் தள்ளிய ஒருவர்.

ஏன் அவர், ஏன் அம்மா இல்லை? இதற்கு எங்கள் பக்கத்து வீட்டு முறையையும் கொஞ்சம் பார்க்கவேண்டும். நீங்கள் கொழும்பில் இருப்பதால் உங்கள் பிள்ளைகளுக்கு இது புதினமாக இருக்கும். மட்டக்களப்பு, அம்பாறைக் கரையில் குடி (குலப் பிரிவு) தாய்வழி. வீடு மகளுக்கு. மகள் கலியாணம் முடித்தால் மருமகன் இங்கே வருவார், தாய் தகப்பன் அதே வளவில் அல்லது பக்கத்து வளவில் ஒரு சின்ன வீட்டைக் கட்டிக்கொண்டு ஒதுங்குவார்கள். அதனால் எங்கள் பிள்ளைகளுக்கு அம்மம்மா வீடு என்பது விடுமுறைக்குப் போகிற ஊர் கிடையாது. வேலியில் ஒரு பொட்டு, அதற்குள்ளால் புகுந்தால் அம்மம்மா. அம்மா அடித்தால் அங்கே ஓடலாம், அங்கே கஞ்சி குடித்துவிட்டு இங்கே வந்து பசிக்குது என்று சொல்லலாம். (நான் செய்திருக்கிறேன்.) ஒரே வளவில் இரண்டு தாய். ஒருத்திக்கு அரிசிக்கும் அடுப்புக்கும் ஓட வேண்டிய வயது, மற்றவளுக்கு உட்கார்ந்து கதை சொல்லக் கூடிய வயது. பிள்ளை எங்கே போகும்?

இனி உங்கள் அம்மாவுக்கு வருகிறேன்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். அம்மம்மா 85இல் போனவர் என்றால் 1940 அளவில் பிறந்தவர். 1990இல் அவருக்கு 50. 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு சூறாவளி அடித்தபோது 38. உங்கள் அம்மாவுக்கு அப்போது 15, 16 இருக்கலாம், பள்ளிக்கூடத்தால் நிறுத்தினார்கள் என்று அவர் சொல்வதை வைத்துச் சொல்கிறேன். உங்களுக்கு அந்தச் சூறாவளி ஒரு பெயர் மட்டும்தான், நீங்கள் அப்போது பிறக்கவில்லை. நாட்டில் ஆயிரம் பேரளவில் செத்த இரவு அது. மட்டக்களப்புத் தென்னந்தோட்டங்களில் பெரும்பகுதி ஒரே இரவில் சாய்ந்தது. கூரை போனது, கூரை வேய்வதற்குக் கிடுகு தரும் மரமும் போனது. விழுந்து கிடந்த மரத்து மட்டைகளை அவை காய்ந்து சருகாவதற்குள் பொறுக்கி, ஊறப்போட்டு, கிழித்து, பின்னினால்தான் அடுத்த மழைக்கு ஒரு மறைப்பு. மாரி மழை வேறு தொடங்கியிருந்த நேரம். புதிதாக ஒரு தென்னம்பிள்ளையை நட்டால் காய்க்க ஆறேழு வருடம். அந்தக் கணக்குக்குள்தான் வீட்டின் மூத்த பெண் பிள்ளையின் பள்ளிக்கூடம் முடிந்திருக்கிறது. (மூத்தவர் என்று நீங்கள் எழுதவில்லை. மட்டை பொறுக்க நிறுத்தப்பட்டவர் என்றால் அநேகமாக மூத்தவர்தான்.)

கவனியுங்கள், இதை அம்மம்மாவுக்கு வக்காலத்தாகச் சொல்லவில்லை. தயவுசெய்து நீங்களும் இதை எடுத்துக்கொண்டு போய், "அம்மா, அவவுக்கும் அப்போ எவ்வளவு கஷ்டம்" என்று ஆரம்பித்துவிடாதீர்கள். உங்கள் அம்மாவுக்கு அது உங்களைவிட நன்றாகத் தெரியும், அந்த மட்டையைப் பின்னிய விரல் அவருடையது. அவருக்குத் தெரியாமல் இல்லை, அவருக்கு ஆறவில்லை. காரணம் தெரிந்தால் காயம் ஆறிவிடும் என்று படித்தவர்கள் நினைக்கிறோம். எனக்கு இந்தத் தொழிலில் 20 வருடத்துக்கு மேல் ஆகிறது. அப்படி ஆறியதை நான் அதிகம் காணவில்லை.

38 வயது அம்மாவும் 50 வயது அம்மம்மாவும் ஒரே ஆளாக இருந்தாலும், உங்கள் அம்மாவுக்குக் கிடைத்தது முதலாமவர், உங்களுக்குக் கிடைத்தது இரண்டாமவர். நீங்கள் இரண்டு பேரும் அவரவருக்குக் கிடைத்தவரைப் பற்றிச் சரியாகத்தான் சொல்கிறீர்கள். 31ஆம் நாள் விறாந்தையில், எல்லோர் முன்னாலும், இனிமையான பாதியை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பது உங்கள் அம்மாவுக்கு முடியாமல் போயிருக்கிறது. செத்தவரைப் பற்றி நல்லதைத்தான் பேசவேண்டும் என்ற ஊரில், தாய் செத்து ஒரு மாதத்தில் தாய் மேலுள்ள கோபத்தை ஒரு மகள் எங்கே கொண்டுபோய் வைப்பாள்? உங்கள் கதை அதற்கு ஒரு வாசலைத் திறந்துவிட்டது, அவ்வளவுதான்.

அவர் சொன்ன வார்த்தைகளை மறுபடி எடுத்துப் பாருங்கள். "அவ கை நடுங்கினத மறைக்கத்தான் விடிய விடியப் பாக்கு வெட்டினவ. ஒரு வாய் வெத்தில கூடப் போடல்ல." நான் உங்கள் கடிதத்தில் அதிக நேரம் நின்ற இடம் இதுதான். தாயின் கை நடுங்கியதை இருட்டில் காண்பதற்கு எவ்வளவு கிட்ட இருந்திருக்கவேண்டும்? ஒரு வாய்கூடப் போடவில்லை என்று சொல்வதற்கு எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்திருக்கவேண்டும்? நீங்கள் ஏதோ ஒரு "மறுகா"வில் தூங்கிப்போனீர்கள். அவர் தூங்கவில்லை. கதை சொல்லப்பட்டது உங்களுக்குத்தான். ஆனால் அந்தப் புளியமரத்தடியில் அதை முடிவு வரை கேட்டவர் உங்கள் அம்மாவாக இருக்கலாம்.

"எனக்கு ஒண்டும் சொல்லல்ல" என்று அவர் சொன்னதோடு இதைச் சேர்த்து வாசித்தால் எனக்குத் தோன்றுவது, அவருடைய கோபத்தில் பொறாமையும் ஒரு பங்கு. கெட்ட அர்த்தத்தில் சொல்லவில்லை. தனக்குத் தராததை இன்னொரு பிள்ளைக்கு, அதுவும் தன் பிள்ளைக்கே, தன் கண்முன்னால் தாய் அள்ளிக் கொடுப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பது சந்தோஷமாகவும் இருக்கும், சுள்ளென்றும் இருக்கும். பேரப்பிள்ளை பெற்ற நிறையப் பெண்கள் இதை என்னிடம் சொல்லியிருக்கிறார்கள், தொண்டையைச் செருமிக்கொண்டு, சிரித்துக்கொண்டு. என்னிடம் சொல்வதைத் தங்கள் தாயிடம் சொன்னவர்கள் குறைவு. உங்கள் அம்மாவுக்கு இனி அந்த வழியும் இல்லை.

துரோகமா என்ற கேள்விக்கு நீளமாக எழுதப்போவதில்லை. 1990 ஆனியில் சண்டை திரும்பத் தொடங்கியபோது இந்தக் கரையில் 6 வயதில் இருந்தவர்கள் பலர் இன்று என்னிடம் வருகிறார்கள். பலருக்கு அந்த மாதங்களில் ஒரு நல்ல ஞாபகமும் இல்லை. உங்களுக்கு இருக்கிறது என்றால் யாரோ பாடுபட்டுச் செய்து தந்திருக்கிறார்கள். அதைத் திருப்பிக் கொடுப்பதால் யாருக்கும் எதுவும் கூடிவிடாது. ஊர் அழிந்ததை நீங்கள் மறுத்தால் அது வேறு. நீங்கள் மறுக்கவில்லை, உங்களுக்குத் தெரியாது. இப்போது தெரிந்துவிட்டது.

சரி, என்ன செய்யலாம்?

பிள்ளைகள்தான் முதலில், ஏனென்றால் அது அவசரம். எதைச் சொல்வது என்று கேட்கிறீர்கள். அவர்கள் ஏற்கெனவே கேட்டுவிட்டார்கள், விறாந்தையில்தானே இருந்தார்கள். வீடு எரிந்த வெளிச்சம் என்ற வார்த்தை அவர்கள் காதில் விழுந்திருக்கிறது, அவர்களுடைய அம்மம்மா, அதாவது உங்கள் அம்மா, எழும்பி அறைக்குள் போனதைக் கண்டிருக்கிறார்கள், அதன்பிறகு ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. உங்கள் மகன், தான் கதை கேட்டதால்தான் அம்மம்மாவுக்குக் கோபம் என்று நினைத்துக்கொண்டிருக்கக்கூடும். அந்த வயதில் அப்படித்தான் கணக்குப் போடுவார்கள். இந்தக் கிழமையே ஆறுதலாகப் பக்கத்தில் இருத்தி, "அண்டைக்கு அம்மம்மா சொன்னதில உனக்கு என்ன விளங்கினது?" என்று கேளுங்கள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். அவனுக்கு இவ்வளவு போதும்: அந்த நேரம் சண்டை, நாங்கள் ஓடினோம், நான் பயப்படக்கூடாது என்று பூட்டியம்மா அதைத் திருவிழாவாக்கினா. மகளுக்கு 11 வயது, அவள் இன்னும் கேட்பாள். யார் எரித்தது, யாராவது செத்தார்களா என்று கேட்டால், தெரிந்ததைச் சொல்லுங்கள், தெரியாததை அம்மம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லுங்கள். கேட்காமல் விட்டுவிடாதீர்கள், அவள் ஞாபகம் வைத்திருப்பாள்.

அம்மாவிடம் பேசுவதற்கு அவசரம் இல்லை. தொலைபேசியில் வேண்டாம். ஊருக்குப் போகும்போது, அதுவும் எல்லோரும் கூடியிருக்கும் நாளில் இல்லாமல், நீங்களும் அவரும் தனியாக இருக்கும் ஒரு பின்னேரத்தில். "அந்த இரவில என்னம்மா நடந்தது?" என்று முழு இரவையும் அவர் தலையில் தூக்கி வைக்காதீர்கள். அவ்வளவு பெரிய கேள்விக்கு யாராலும் பதில் சொல்ல முடியாது, "அதெல்லாம் இப்ப எதுக்கு" என்பதுதான் வரும். கையில் பிடிக்கக்கூடிய ஒன்றிலிருந்து தொடங்குங்கள். அந்தப் பாக்குவெட்டி இப்போது யாரிடம் இருக்கிறது? நீங்கள் எழுதவில்லை. என் ஊகம், அம்மாவின் அலுமாரியில், வெற்றிலை வட்டாவுக்குள், ஒரு பழைய சேலைத் துண்டில் சுற்றியபடி இருக்கிறது. எங்கள் வீடுகளில் அவை மகளுக்குத்தான் வரும். எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். பிறகு சின்னச் சின்னக் கேள்விகளாகக் கேளுங்கள். தோணியில் யார் யார் இருந்தார்கள், நீங்கள் எந்தப் பக்கம் இருந்தீர்கள், என்னை யார் தூக்கினது, அம்மம்மா சொன்ன கதை என்ன கதை. கடைசிக் கேள்வியை மறக்காதீர்கள். உங்களுக்கு அந்தக் கதை ஞாபகம் இல்லை என்று உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது, என்ன கதை என்று ஒரு சொல்கூட இல்லை. அவருக்கு ஞாபகம் இருந்தால் ஆச்சரியப்படமாட்டேன்.

அவர் மட்டைக் கதையைத் தொடங்கினால் குறுக்கே பேசாமல் இருங்கள். 1990ஐப் பற்றிக் கேட்கப் போய் 1978ஐக் கேட்க நேரிடும், அது இயல்பு. அவர் படிக்க விரும்பிய பாடம் எது என்று கேட்கலாம். கோபப்பட்டால் கோபப்படட்டும். அழுதால் தேத்தண்ணி வைக்க ஓடாதீர்கள். (நாங்கள் எல்லோரும் ஓடுவோம், அது அழுகையை நிறுத்தத்தான்.) பேச விருப்பமில்லை என்றால் பாக்குவெட்டியைச் சுற்றி வைத்துவிட்டு வேறு கதைக்குப் போங்கள். இன்னொரு நாள் வரும், வராமலும் போகலாம்.

ஒன்றைக் கவனிக்கவேண்டும். அந்த நாளுக்குப் பிறகு அம்மா இரவில் தூங்காமல் இருக்கிறாரா, சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிடுகிறாரா, சாப்பாடு குறைந்துவிட்டதா, துறைப் பக்கம் போவதையே தவிர்க்கிறாரா என்று பக்கத்தில் இருக்கும் யாரிடமாவது விசாரியுங்கள். சில கிழமையாகியும் அப்படியே இருந்தால் ஆதார வைத்தியசாலைகளின் உளநலப் பிரிவில் காட்டலாம். 1926 என்ற தேசிய உளநல உதவி எண்ணுக்கும் பேசலாம். 60 தாண்டிய வயதில் இது என்னத்துக்கு என்று அவர் சொல்லுவார். 80 வயதில் வந்து பேசிவிட்டுப் போனவர்களை எனக்குத் தெரியும்.

கடைசியாக ஒன்று, செய்தாலும் செய்யாவிட்டாலும் உங்கள் விருப்பம். மண்டூர்த் திருவிழா ஆவணிப் பூரணையில் தீர்த்தத்தோடு முடியும். குருமண்வெளியில் இருந்து பாதை (ஆற்றைக் கடக்கும் மிதவைப் படகு) ஓடுகிறது, பகலில் பிள்ளைகளோடு ஏறினால் கொஞ்ச நேரத்தில் அக்கரை. அம்மாவையும் வரச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். முன்கூட்டியே கேட்கவேண்டும், எங்கே போகிறோம் என்று சொல்லாமல் கூட்டிப்போய் நடு ஆற்றில் நிறுத்துகிற வேலை வேண்டாம். ஒரு தடவை அப்படிக் கூட்டிப்போனது போதும். அவர் வரமாட்டேன் என்றால் நீங்கள் பிள்ளைகளோடு போங்கள். மகனிடம் வாயைக் கட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கள், எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கிறான் என்று எனக்கு எழுதுங்கள்.

பாக்குவெட்டியை எடுத்தால் பாக்கும் சீவிப் பார்க்க மனம் வரும். பார்த்து. பழசு என்றாலும் கூர் போயிருக்காது, விரலை உள்ளே விட்டுவிடாதீர்கள்.